சேமக்காலையில் ஒரு தம்பி, ஊருக்குள் ஒரு நாவல்

வணக்கம் நேயர்களே.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் பிறந்தது 1775 டிசம்பர் 16ஆம் திகதி. 2025இல் அவருடைய 250ஆவது ஆண்டை இங்கிலாந்தில் பெரிதாகக் கொண்டாடினார்கள். அவர் சில காலம் இருந்த பாத் நகரத்தில் ஆண்டுதோறும் செப்டம்பரில் விழா நடக்கும். மார்புக்குக் கீழே இறுக்கிய நீள அங்கி, நாடா வைத்த தொப்பி என்று அந்தக் காலத்து உடுப்போடு சனங்கள் தெருவில் ஊர்வலம் போவார்கள். பலர் தாங்களே தைத்த உடுப்பு.

இதை வெறும் வேஷம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில், சுகமில்லாத அக்காவைப் பார்க்கக் கதாநாயகி எலிசபெத் மூன்று மைல் சேற்றில் நடந்து போகிறாள். அவளுடைய அடிப்பாவாடையில் ஆறு அங்குலம் சேறு என்று பணக்காரப் பெண்கள் குறை சொல்கிறார்கள். நிலத்தில் புரளும் பாவாடையோடு மழை நாளில் நடந்து பார்த்தவருக்கு அந்த இடம் உடனே பிடிபடும்.

சரி, இதில் திருகோணமலைக்கு என்ன என்று கேட்பீர்கள். ஜேனின் தம்பி சார்ள்ஸ் நம்முடைய ஊர்ச் சேமக்காலையில்தான் அடக்கம். 1801இல், எதிரிக் கப்பலைப் பிடித்ததற்குக் கிடைத்த பங்குப் பணத்தில், இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புட்பராகக் கல்லுச் சிலுவையும் வாங்கிக் கொடுத்த கடற்படைக்காரர். 1852இல் பர்மாவில், கப்பலிலேயே வாந்திபேதி கண்டு இறந்தார். அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்றால் எனக்கு அட்மிரல் நினைவுக்கு வருவதில்லை, அக்காமாருக்குச் சங்கிலி வாங்கிய தம்பிதான் வருகிறார்.

அப்புறம் இன்னொரு பெயர். த. சரவணமுத்துப்பிள்ளை. நம்முடைய ஊர்ப் பிள்ளை, சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராக இருந்தவர். 1895இல் அவர் எழுதி வெளியிட்ட ‘மோகனாங்கி’தான் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்கிறார்கள். நாயக்கர் காலக் கதை, சொக்கநாத நாயக்கரும் மோகனாங்கியும். 2025இல் அதற்கு 130 வயதானது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு ஓர் ஆசை. ஒரு மாலை கடற்கரையில் நாயக்கர் காலச் சேலைக்கட்டு, தலைப்பாகையோடு கூடுவோம். மின்விளக்கு வேண்டாம், குத்துவிளக்குப் போதும். ஆளுக்கு ஓர் அத்தியாயம் உரத்து வாசிப்போம். தைக்கத் தெரிந்தவர்கள் இப்போதே தொடங்குங்கள். முதல் அத்தியாயத்தை நான் வாசிக்கிறேன்.

வணக்கம்.