தோற்றவர் முகத்தில் எதற்குக் கேமரா?

விழாத் தலைவர் நீதிபதி ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி இந்த அவையைக் கலகலப்பாக்கிவிட்டு அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, வாசகர் வட்டத்தின் செயலாளர் அவர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் பெரியோர்களே, குழந்தைகளோடு முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்க முடியாது. பல ஆண்டுகள் தீர்ப்பு எழுதியவர் அவர். வழக்கில் தோற்றவர்களின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தே வாழ்ந்தவர். தோற்ற கட்சிக்காரரிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லமாட்டார் என்று வழக்கறிஞர்கள் இன்றும் சொல்கிறார்கள். இன்றைய தலைப்புக்கு அவரைவிடப் பொருத்தமான தலைவர் கிடைக்கமாட்டார். நூலகர் அம்மாவுக்கும் என் நன்றி உரியது. இந்தப் பேச்சுக்காக நான் கேட்ட பழைய இதழ்களை எல்லாம் தேடித் தேடி எடுத்துத் தந்தார்.

சரி, தலைப்புக்கு வருவோம். விருது மேடையில் தோற்றுப்போன பிரபலங்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள்? இதில் மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன். ஒன்று, தோற்றவர்களின் நடத்தை. இரண்டு, விருது கொடுக்கிறவர்களின் பொறுப்பு. மூன்று, பார்த்துக்கொண்டிருக்கும் நம்முடைய பங்கு.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.' நான் எந்த மேடையில் ஏறினாலும் இந்தப் பழமொழி என்னோடு ஏறிவிடும். இன்றைக்கு அதற்கு முழு வேலை இருக்கிறது.

கான்யே வெஸ்ட் என்ற அமெரிக்க ராப் பாடகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் அமெரிக்கன் மியூசிக் விருது விழாவில் புதுமுகக் கலைஞர் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. கிரெட்சன் வில்சன் என்ற பாடகிக்குப் போனது. கான்யே அரங்கத்தைவிட்டு வெளியேறினார்; என்னிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்றார். இரண்டு ஆண்டு கழித்துக் கோபன்ஹேகனில் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் ஐரோப்பிய விருது விழா. சிறந்த வீடியோ விருது வேறு குழுவுக்கு அறிவிக்கப்பட்டது. இவர் நேரே மேடைக்குப் போய், என் வீடியோவுக்குப் பத்து லட்சம் டாலர் செலவழித்தேன், அது எனக்கு வந்திருக்க வேண்டியது என்று பேசினார். செலவழித்த பணத்துக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்?

2009 செப்டம்பரில் நியூயார்க்கில் எம்டிவியின் வீடியோ விருது விழாவில் நடந்ததுதான் உலகம் முழுக்கத் தெரிந்த கதை. டெய்லர் ஸ்விஃப்ட் அப்போது பத்தொன்பது வயதுப் பெண். சிறந்த பெண் பாடகிக்கான வீடியோ விருது வாங்கிக்கொண்டு நன்றி சொல்லத் தொடங்குகிறார். கான்யே மேடையேறி அவர் கையிலிருந்த மைக்கை வாங்கி, பாடகி பியான்சேயின் வீடியோதான் எல்லாக் காலத்திலும் சிறந்த வீடியோக்களில் ஒன்று என்றார். அன்று தோற்றவர் கான்யேகூட இல்லை. பியான்சே கீழே உட்கார்ந்து அதிர்ந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றவருக்கே இல்லாத ஆத்திரம் இவருக்கு வந்தது.

அதே இரவில் நடந்த இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டின் சிறந்த வீடியோ என்ற பெரிய விருது பியான்சேக்கே கிடைத்தது. மேடைக்கு வந்தவர் தன் நன்றியுரையைப் பேசவில்லை. டெய்லரை மேடைக்கு அழைத்து, பாதியில் பறிபோன பேச்சைப் பேசி முடிக்கச் சொல்லி ஒதுங்கி நின்றார். கலைஞர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

1998 கிராமி இசை விருது விழாவிலும் இப்படி ஒன்று உண்டு. பாடகி ஷான் கோல்வின் தன் பாடலுக்கான விருதை வாங்க வரும்போது, வூ-டாங் கிளான் குழுவைச் சேர்ந்த ஒரு ராப் பாடகர் மேடையேறினார். எங்கள் குழுதான் ஜெயிக்கும் என்று நம்பி நிறையப் பணம் கொடுத்துப் புது உடை வாங்கினேன் என்று ஆதங்கப்பட்டார். அவர் குழு தோற்றது வேறொரு விருதில். ஷான் கோல்வினுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள்; அது புரிகிறது. ஆனால் இவர்கள் எல்லாரும் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள். பிரமாதமாக ஆடுகிறவர்கள். அவர்களும் ஏன் கூடத்தைக் குறை சொல்கிறார்கள்? என் பதில் இது: கூடத்தையே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

முதல் ஆஸ்கர் விழா 1929 மே மாதம் நடந்தது. விருது கொடுத்து முடிக்கக் கால் மணி நேரம்தான் ஆனது. வெற்றியாளர்கள் யார் என்பது பிப்ரவரியிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. அன்று யாரும் மேடையைப் பார்த்து நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கவில்லை. அப்புறம் முடிவை விழா இரவுவரை வெளியில் விடாமல் வைத்தார்கள். பத்திரிகைகளுக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுத்தார்கள். 1940-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் அதை விழாவுக்கு முன்பே அச்சிட்டுவிட்டது. அடுத்த ஆண்டிலிருந்து முத்திரையிட்ட உறை வந்தது. அந்த உறையைப் பிரிக்கும் நொடிவரை ஐந்து பேரும் வெற்றியாளர்கள். அடுத்த நொடியில் நான்கு பேர் தோற்றவர்கள்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1934 மார்ச் 16. லாஸ் ஏஞ்சல்ஸில் அம்பாசடர் ஹோட்டல். ஆறாவது ஆஸ்கர் விழா. ஃபிராங்க் காப்ரா என்ற இயக்குநரின் படம் நான்கு விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. இத்தாலியிலிருந்து கப்பலில் குழந்தையாக வந்து இறங்கிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளை அவர். அந்த விருது வேண்டும் என்று வெறியோடு இருந்தார். நன்றியுரையைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். நண்பர்கள் சூழ மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

விழாவை நடத்தியவர் வில் ரோஜர்ஸ். அந்தக் காலத்து அமெரிக்காவில் அவர் பேசினால் சிரிக்காத ஆள் கிடையாது. சிறந்த இயக்குநர் விருதுக்கு வந்துவிட்டார். பெயரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இந்த மனிதர் அடிமட்டத்திலிருந்து மேலே வந்ததை நான் பார்த்திருக்கிறேன், இவரைவிட நல்லவருக்கு இந்த விருது கிடைத்திருக்க முடியாது என்று புகழ்ந்தார். கடைசியில் ஒரே ஒரு வரி: "ஃபிராங்க், வந்து வாங்கிக்கொள்!"

காப்ராவின் மேசையில் ஆரவாரம் வெடித்தது. நண்பர்கள் முதுகில் தட்டுகிறார்கள். இவர் எழுந்து, மேசைகளுக்கு நடுவில் வழி கேட்டு, மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று சொல்லிக்கொண்டே முன்னேறுகிறார். ஒளிவட்டம் இவரைத் தேடிக்கொண்டு அலைகிறது. இங்கே இருக்கிறேன், இங்கே என்று கையை ஆட்டுகிறார். ஒளிவட்டமோ நேர் எதிர்ப்பக்கம் போய் வேறொரு மனிதர்மேல் நின்றது. அவர் ஃபிராங்க் லாயிட். அன்று அந்த விருதுக்குப் போட்டியிட்டவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் ஃபிராங்க்!

லாயிட் மேடைக்குப் போகிறார். வில் ரோஜர்ஸ் அவரைக் கட்டிக்கொள்கிறார். அரங்கம் கைதட்டுகிறது. காப்ரா இருட்டில், தரையின் நடுவில், கல்லாக நிற்கிறார். பின்னாலிருந்து யாரோ கத்துகிறார்கள்: "முன்னால் நிற்பவரே, உட்காருங்கள்!" அதே மேசைகளைக் கடந்து அவர் திரும்பி நடக்க வேண்டும். சற்றுமுன் வழிவிட்டு வாழ்த்தியவர்கள் இப்போது வழிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். என் வாழ்க்கையிலேயே மிக நீளமான, மிகத் துயரமான நடை அது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். மேசைக்கு வந்து சேர்ந்தபோது நண்பர்கள் அழுதுகொண்டிருந்தார்களாம்.

அவர் மைக்கைப் பிடுங்கவில்லை. கூடம் கோணல் என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டே அவர் இயக்கிய 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து பெரிய விருதுகளையும் அள்ளியது. பிறகு ஆஸ்கர் வழங்கும் அந்த அகாடமிக்கே தலைவரானார்.

இதில் என்னைத் தொடுவது அந்த வெற்றி அல்ல. அந்த நடையை நாம் யாரும் பார்த்ததில்லை, அதுதான். ஆஸ்கர் விழா முதல்முதலாகத் தொலைக்காட்சியில் வந்தது 1953-இல். காப்ரா தலை குனிந்து திரும்பியபோது எந்தக் கேமராவும் அவர் கண்ணுக்குள் நுழைந்து, அந்த நிமிடமே வீடு வீடாகக் கொண்டுபோகவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அவருக்கு விருப்பம் வந்தபோது, அவருடைய சொந்த வார்த்தைகளில் சொன்னார். அவருடைய தோல்வி அவர் கையில் இருந்தது.

இன்றைக்கு அப்படியா? உறை பிரிக்கப்படும்போது திரையை ஐந்தாகப் பிரித்து ஐந்து முகங்களைக் காட்டுகிறார்கள். 1995-இல் துணை நடிகர் விருது மார்ட்டின் லாண்டாவுக்குப் போனபோது சாமுவேல் ஜாக்சன் வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுத்தார். உதடசைவு உலகத்துக்கே தெரிந்தது. 2023-இல் துணை நடிகை விருதை ஜேமி லீ கர்ட்டிஸ் ஜெயித்தபோது, போட்டியில் இருந்த ஏஞ்சலா பாசெட் கைதட்டவில்லை, முகம் வாடியது என்று எத்தனை விமர்சனம்! அந்த அம்மையார் என்ன செய்தார்? மேடையேறினாரா? யாரையாவது திட்டினாரா? தன் இருக்கையில் உட்கார்ந்து சில நொடிகள் வருத்தப்பட்டார். வருத்தப்படுவது குற்றமா?

ஆகவே தோற்றவர்களை எல்லாம் ஒரே கூடையில் போடாதீர்கள். அடுத்தவரின் மேடையைப் பறித்தவரை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. முகம் வாடியவரையும் அவரையும் ஒன்றாக எண்ணாதீர்கள் என்கிறேன். முதலாமவர் தானே போய்ப் பறித்தார். இரண்டாமவரிடமிருந்து கேமரா பறித்தது.

1989-இல் ஆஸ்கர்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 'வெற்றி பெற்றவர்' என்று சொல்லி அறிவிப்பதை விட்டுவிட்டு, 'ஆஸ்கர் இவருக்குப் போகிறது' என்று மாற்றினார்கள். மற்ற நான்கு பேரின் மனம் நோகக்கூடாது என்ற அக்கறை. மகிழ்ச்சி. ஆனால் அந்த நான்கு முகங்களில் வைத்த கேமராவை எடுத்தார்களா?

பெரியவர்களாவது பழகிக்கொள்வார்கள். 2017-இல் 'லா லா லேண்ட்' படத்துக்குச் சிறந்த பட விருது என்று தவறாக அறிவித்து, அந்தக் குழு மேடையில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது உறை மாறிப்போனது தெரிந்தது. தயாரிப்பாளர் ஜோர்டன் ஹோரோவிட்ஸ் தானே முன்வந்து, இது வேடிக்கை இல்லை, 'மூன்லைட்' தான் ஜெயித்தது என்று சொல்லி, சரியான சீட்டை உயர்த்திக் காட்டினார். நடிகை சூசன் லூச்சி பகல்நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான எம்மி விருதுக்குப் பதினெட்டு முறை பரிந்துரைக்கப்பட்டுத் தோற்றவர். 1999-இல் பத்தொன்பதாவது முறை ஜெயித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இவர்கள் வளர்ந்தவர்கள், தாங்கிக்கொள்ளக் கற்றவர்கள்.

முன்வரிசையில் இருக்கும் இந்தக் குழந்தைகள் என்ன செய்வார்கள்? இதைக் கேட்கத்தான் இன்று வந்தேன். தொலைக்காட்சிப் போட்டிகளில் எட்டு வயதுக் குழந்தை வெளியேற்றப்படும்போது முகத்துக்கு அருகில் கேமராவைக் கொண்டுபோகிறார்களே, எதற்கு? அப்படி ஒரு பாட்டுப் போட்டிக்கு நானும் நடுவராகப் போயிருந்தேன். முடிவைச் சொல்ல வாயெடுத்தேன். "சார், கொஞ்சம் நிறுத்துங்கள், குழந்தையின் முகம் இன்னும் கிடைக்கவில்லை" என்று ஒரு குரல் வந்தது. அந்தப் பெண் குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. முகம் கிடைத்ததும் சொல்லச் சொன்னார்கள். குழந்தை அழுதது. அடுத்த வாரம் முழுவதும் அந்த அழுகையைத்தான் விளம்பரமாகப் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த நிகழ்ச்சிக்கு நான் போகவில்லை.

இப்படி வளர்கிற பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? தோல்வி என்றால் அது பிறருக்குக் காட்சி என்று கற்றுக்கொள்ளும். பெரியவனானதும் அவனே அந்தக் காட்சியை நடத்துவான், மைக்கைப் பிடுங்கியாவது. ஆடத் தெரிந்த பிள்ளையைக் கூடம் கோணல் என்று சொல்லப் பழக்குகிறவர்கள் நாம்தான்.

விருது கொடுப்போரின் பொறுப்பு பற்றிப் பேராசிரியர் ஏற்கெனவே தொட்டுவிட்டார். நேரம் கருதி நேராகக் கோரிக்கைக்கு வருகிறேன். பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் பங்கேற்கும் எந்தப் போட்டியிலும் முடிவு அறிவிக்கும்போது தோற்ற குழந்தையின் முகத்தை அருகில் காட்டக்கூடாது. முடிவை முதலில் குழந்தைக்கும் பெற்றோருக்கும் தனியாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகே மேடையில் அறிவிக்க வேண்டும். அழுகையை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு அனுப்பவிருக்கும் கடிதத்தில் இந்த மூன்றும் இருக்கின்றன. கடிதம் வாசலில், செயலாளரின் மேசையில் இருக்கிறது. தலைவர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். போகும்போது நீங்களும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர், ஒப்பந்தப் படிவத்தில் இந்த மூன்றையும் எழுதிக் கேளுங்கள். எழுதித் தரமாட்டோம் என்றால் எங்களுக்குத் தெரிவியுங்கள், நாங்கள் உங்களோடு வந்து பேசுகிறோம்.

வாய்ப்பளித்த வாசகர் வட்டத்துக்கு நன்றி. வணக்கம்.