சீண்டும் விளம்பரம் போராட்டத்துக்குக் கேடுதான்: மீனாட்சிபுரம் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மீனாட்சிபுரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சீண்டும் அரசியல் விளம்பரம் போராட்டத்துக்குத் துணையா, கேடா என்பது தலைப்பு. கேடுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். "நாலு பேர் திரும்பிப் பார்க்கணும்னா சுருக்குன்னு குத்தணும்" என்றார் எதிரணித் தலைவர். சரி, குத்தினால் திரும்புவார்கள். திரும்பியவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

2007 செப்டம்பர் 10. இராக்கில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் டேவிட் பெட்ரேயஸ், போர் நிலவரம் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தில் சாட்சி சொல்ல வந்த நாள். அன்று காலை நியூயார்க் டைம்ஸில் போரை எதிர்த்த மூவ்ஆன் என்ற அமைப்பு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. பெட்ரேயஸ் என்ற பெயரை 'பிட்ரே அஸ்' (Betray Us) என்று திருகி, நம்மைக் காட்டிக்கொடுப்பவரா என்று தலைப்பிலேயே கேட்டுவிட்டார்கள். ராணுவம் சொல்லும் கணக்கில் எங்கே ஓட்டை என்று கீழே எழுதியிருந்தது. அதை யார் பேசினார்கள்? தளபதியை அவமதித்துவிட்டார்கள் என்பதே ஊர்ப் பேச்சானது. பத்தே நாளில் அமெரிக்க மேலவையான செனட் 72-க்கு 25 என்று வாக்களித்து விளம்பரத்தைக் கண்டித்தது. போரை எதிர்த்துவந்த ஜனநாயகக் கட்சியிலேயே பலர் கண்டனத்தின் பக்கம் போனார்கள். போரைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள் தங்கள் தலைப்புக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? நமக்குப் பக்கத்தில், கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், பிளாச்சிமடா இருக்கிறது. 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தது. 2002 ஏப்ரல் 22-இல் ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு ஆதிவாசி மக்கள் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் இரவாளர் சமூகத்து மயிலம்மா. அவர்கள் காட்டியது கிணற்றுத் தண்ணீரை. அதில் பொங்கிய சோறு கெட்டது, குளித்தால் உடம்பு அரித்தது. வந்தவர்களிடம் அதைத்தான் சொன்னார்கள். விவசாயிகளுக்கு உரம் என்று கொடுத்த ஆலைக் கழிவை 2003-இல் பிபிசி வானொலி சோதனைக்கு அனுப்பியது. ஈயமும் காட்மியமும் இருந்தன.

நடுவர் அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2000-இல் ஆலைக்கு உரிமம் கொடுத்தது பிளாச்சிமடா அடங்கிய பெருமாட்டி பஞ்சாயத்து. 2003-இல் புதுப்பிக்க மாட்டோம் என்று சொன்னதும் அதே பஞ்சாயத்துதான். கொடுத்தவர்கள் படத்தைப் போட்டு 'விலைபோனவர்கள்' என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தால் அவர்கள் மனசு மாறியிருக்குமா? வீம்புக்காவது நீட்டித்துக் கொடுத்திருப்பார்கள். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது.

2005-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் புகைப்படக் கலைஞர் ஷரத் ஹக்சர் வைத்த பேனரை எதிரணித் தங்கை எடுத்துச் சொன்னார். நல்ல உதாரணம், பாராட்டுகிறேன். கோக் பெயர் எழுதிய சிவப்புச் சுவர், முன்னால் அடிபம்பு, வரிசையாகக் காலிக் குடங்கள். யார் முகம் அதில் இருந்தது? யாரைத் திட்டியது? நம் தெருவில் கோடைக்குக் கோடை பார்க்கிற காட்சிதானே! வக்கீல் நோட்டீஸ் விட்டு அதைச் செய்தியாக்கியது கம்பெனி. அம்மா, உங்கள் உதாரணம் எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

பிளாச்சிமடா பாதிப்பு 216.26 கோடி ரூபாய் என்று 2010-இல் கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு கணக்குக் கொடுத்தது. 2011-இல் கேரளச் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் போனது. அந்தக் கோபத்தில், மந்திரி படத்துக்குச் செருப்பு மாலை போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்கலாம் என்று தம்பிகள் சிலர் கேட்கிறார்கள். உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அடிக்காதீர்கள், தம்பி. மறுநாளே அவர் கட்சிக்காரர்கள் மறியலுக்கு வருவார்கள், போலீஸ் வரும், இழப்பீடு பற்றிப் பேப்பரில் ஒரு வரி இருக்காது. அந்த 216.26 கோடியைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். கிணற்றின் படத்தைப் போட்டு, அது யார் வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்த கிணறு என்று கீழே எழுதுங்கள். கொண்டுபோய்ப் பஸ் ஸ்டாண்டில் கட்ட நானும் வருகிறேன்.

நன்றி, வணக்கம்.