கேட்டுக்கொண்டிருந்த நடிகர்: எஸ்.வி. சகஸ்ரநாமம்

(ஒரு நாடக விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நாடக நண்பர்களுக்கும் வணக்கம்.

'பராசக்தி' என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நீதிமன்றக் காட்சி. கூண்டில் நின்று சிவாஜி பேசுகிறார். அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அடுத்த முறை படம் பார்க்கும்போது, தயவுசெய்து நீதிபதி நாற்காலியைக் கொஞ்சம் கவனியுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் எஸ்.வி. சகஸ்ரநாமம். கூண்டில் நிற்பவனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவருக்கு அங்கே பேச்சு அதிகம் கிடையாது. கேட்க வேண்டும், அவ்வளவுதான். பதவியின் விறைப்பும் ரத்த பாசமும் ஒரே முகத்தில் தெரிய வேண்டும். எதிராளி பேசும்போது சும்மா இருக்கத் தெரிந்த நடிகர்கள் குறைவு. அவருக்கு அது தெரிந்திருந்தது.

அது எங்கிருந்து வந்தது? சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனியிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். 1913-ல் கோவை சிங்காநல்லூரில் பிறந்தவர், சின்ன வயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபையில் சேர்ந்துவிட்டார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இருந்த அதே சபைதான். வாத்தியார் பாடம் சொல்லிக்கொடுப்பார், பையன்கள் உருப்போட வேண்டும். பாட்டு, அடவு, அடுத்தவர் வசனம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் இன்னொரு பையன் அந்த வேஷத்தைக் கட்டியாக வேண்டுமே! காதைத் தீட்டி வைத்துக்கொள்ளாதவனுக்கு அங்கே பிழைப்பு இல்லை. அந்தப் பயிற்சியோடுதான் 1935-ல் 'மேனகா' மூலம் சினிமாவுக்கும் வந்தார்.

அப்புறம் ஒரு சோதனைக் காலம். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் சிறைக்குப் போனார். அவரை நம்பியிருந்த நாடகக் குழு நடுத்தெருவில் நிற்க வேண்டிய நிலை. கலைவாணரின் மனைவி டி.ஏ. மதுரத்தோடு தோள்கொடுத்து அதைத் தாங்கியவர்களில் சகஸ்ரநாமம் முக்கியமானவர். அவர் உருவாக்கிய 'பைத்தியக்காரன்' நாடகம், 1947-ல் கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் படமானது. விதவை மறுமணத்துக்காகப் பேசிய படம். விடுதலையாகி வந்த கலைவாணரும் அதில் நடித்தார். நண்பன் உள்ளே இருக்கும்போது அவன் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது சாதாரணக் காரியம் இல்லை. அவருடைய நடிப்புக்குக் கொடுக்கும் மரியாதையை இதற்கும் நாம் கொடுக்க வேண்டும்.

சரி, நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது சேவா ஸ்டேஜ் பற்றி. அவர் தொடங்கிய நாடகக் குழு அது. சினிமாவில் சம்பாதித்ததை அவர் கொண்டுபோய்ப் போட்ட இடம் அதுதான். அந்தக் காலத்தில் நாடகம் என்றால் பெரும்பாலும் குழுவுக்குள்ளேயே யாராவது எழுதுவார்கள், இல்லாவிட்டால் பழைய புராணக் கதையைப் புதுப்பிப்பார்கள். சகஸ்ரநாமம் என்ன செய்தார் தெரியுமா? பத்திரிகையில் கதை எழுதிக்கொண்டிருந்தவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார். 'மணிக்கொடி' இதழ் எழுத்தாளர் பி.எஸ். ராமையா 'தேரோட்டி மகன்', 'போலீஸ்காரன் மகள்' எழுதிக்கொடுத்தார். தி. ஜானகிராமன் 'நாலு வேலி நிலம்', 'வடிவேலு வாத்தியார்' எழுதினார். பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்தையும் மேடையேற்றினார்கள். சிறுகதையில் கைதேர்ந்தவர்களுக்கு மேடை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாத்திரம் உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகும், எந்த வரிக்குச் சபை சிரிக்கும் என்பதெல்லாம் நடிகனுக்குத் தெரியும். ஜானகிராமன் என்ற மகா கலைஞர் மேடைக்கு வந்ததற்குப் பின்னால் இப்படி ஒரு நடிகர் இருந்தார் என்பதை இலக்கிய வாசகர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

'போலீஸ்காரன் மகள்' 1962-ல் ஸ்ரீதர் இயக்கிப் படமானது. மேடையில் போலீஸ்காரராக நடித்த சகஸ்ரநாமமே படத்திலும் நடித்தார். கண்டிப்பான, நேர்மையான அப்பா. மகள் மேல் உயிர், ஆனால் சட்டையில் ஒரு கறை படக்கூடாது. அந்த அப்பாவை வில்லனாகவும் ஆக்காமல், தியாகியாகவும் ஆக்காமல் நிறுத்தியிருக்கிறார். குரலை உயர்த்தும் இடத்தில்கூட ஒரு தயக்கம் இருக்கும். பல இரவுகள் மேடையில் பார்வையாளர் முகத்தைப் பார்த்து நடித்துப் பதப்படுத்திய வேஷம் என்பது திரையில் அப்படியே தெரிகிறது.

சேவா ஸ்டேஜில் நடித்துத்தான் முத்துராமன் பெரிய நடிகரானார். கோமல் சுவாமிநாதன் அங்கே தொழில் கற்றுக்கொண்டு, 'புதிய பாதை' எழுதி, பிற்பாடு ஸ்டேஜ் ஃபிரண்ட்ஸ் என்று சொந்தக் குழு கண்டார். கோமலின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தைப் பார்த்து அசந்துபோனவர்கள், அந்தக் கிணற்றின் ஊற்று எங்கே என்று தேடினால் சகஸ்ரநாமத்திடம்தான் வந்து நிற்பீர்கள். சங்கீத நாடக அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது. 1988-ல் காலமானார்.

இந்த விழாவை நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். 'நாலு வேலி நிலம்' நாடகத்தை அடுத்த ஆண்டு இந்த மேடையில் போடுங்கள். செட்டு பெரிதாக வேண்டாம். தஞ்சாவூர்ப் பேச்சு நாக்கில் வரும் பையன்களையும் பெண்களையும் பிடியுங்கள், ஒத்திகைக்குப் போதிய நாள் கொடுங்கள். முதல் வரிசையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நான் உட்காருகிறேன்.