மலை ஏறும் முன் சக்கரத்தைப் பாருங்கள்

[காட்சி: நாமக்கல்லில் ஒரு பங்ச்சர் கடை. ஜாக்கியில் கார், ஸ்டெப்னி வெளியே எடுத்து வைத்திருக்கிறது.]

வணக்கமுங்க. இந்த வண்டி கொல்லிமலைக்குப் போகிறது. 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலை நட்டும் போல்ட்டும்தான் தாங்குகின்றன என்று நினைப்போம். உண்மையில் நட்டை முறுக்கும்போது போல்ட் துளியளவு நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்பு, சக்கரத்தை ஹப்போடு, அதாவது சக்கரம் உட்காரும் நடுப்பாகத்தோடு, அழுத்திப் பிடிக்கிறது. சுமையைப் பெரும்பாலும் தாங்குவது இரண்டுக்கும் நடுவே உள்ள உராய்வு.

[காட்சி: ஹப்பின் முகம், மிக அருகில். செதில் செதிலாகத் துரு.]

இதன்மேல் அப்படியே மாட்டினாலும் நட்டு கெட்டியாகத்தான் இறுகும். ஓட ஓடத் துரு நசுங்கும். முடியளவு நசுங்கினாலே போதும், போல்ட்டின் இழுப்பு விட்டுப்போய் நட்டு கழல ஆரம்பிக்கும். சக்கரத்தின் இரும்பு டிஸ்க்கில் தடிமனாக அடித்த புதுப் பெயின்ட்டும் இதே வேலையைச் செய்யும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துவிடுங்கள். போல்ட்டின் மரைக்கு எண்ணெய் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. கம்பெனி சொல்லாதவரை வேண்டாம். வழுக்குகிற மரையில் அதே முறுக்குக்குப் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

[காட்சி: விரலால் நட்டைச் சுற்றும் கை.]

கூம்பான நட்டு என்றால் கூம்புப் பக்கம் உள்ளே. முதல் சில சுற்று கையால்தான். அப்புறம் ஸ்பேனரில் எதிரெதிராக, ஐந்து நட்டு இருந்தால் ஒன்று விட்டு ஒன்றாக. ஜாக்கியை இறக்கியபின், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் கடைசி முறுக்கு. சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரம். சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். ஏர் கன்னால் 'டர்ர்' என்று அடித்து முடிப்பது எனக்குப் பிடிக்காது. போல்ட் நீண்டே போகலாம்; நடுவழியில் உங்களால் கழற்றவும் முடியாது. அலாய் சக்கரத்துக்கும் இரும்பு டிஸ்க்குக்கும் சில வண்டிகளில் வேறு வேறு நட்டு, ஸ்டெப்னி மாட்டும்போது கவனம்.

[காட்சி: காரின் பின்னால் இழுவைக் கேரவன்.]

சினிமாக்காரர்களின் கேரவன் இல்லை, கொக்கியில் மாட்டி இழுப்பது. காரின் முன்சக்கரம் தளர்ந்தால் ஸ்டியரிங் நடுங்கிக் காட்டிக்கொடுக்கும். பின்னால் வரும் கேரவனில் தளர்ந்தால் ஓட்டுகிறவர் கைக்குத் தெரியவே தெரியாது. அதனால் கிளம்பும்போதெல்லாம் ரெஞ்ச் வையுங்கள்.

சக்கரம் மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா வண்டிக்கும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். கொல்லிமலைக்கு என்றால் அதுவரை பொறுக்காமல் அடிவாரத்திலேயே பாருங்கள். சக்கரம் ஆறியபின், அதே அளவு முறுக்கு. கூட ஒரு இழு இழுக்க வேண்டாம்.