விந்தணுவின் வால் நுனிக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

சரி, அடுத்த கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "விந்தணுவின் நடுப்பகுதியில்தான் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது என்று பாடத்தில் வருகிறது, ஆனால் நீந்துவது வால்தானே, அதன் நுனி வரைக்கும் ஆற்றல் எப்படிப் போகிறது?" இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். 'நடுப்பகுதி ஆற்றல் தருகிறது' என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும், எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். இந்தப் பெண் போகவில்லை பாருங்கள்.

மனித விந்தணு மொத்தமே சுமார் 55 மைக்ரான் நீளம்தான். அதில் தலை 5, நடுப்பகுதி இன்னொரு 5, மிச்சமெல்லாம் வால். அந்தக் குட்டி நடுப்பகுதியில் செல்லின் ஆற்றல் ஆலைகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் 50 முதல் 75 வரை சுருளாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வாலை யாரும் அடியில் பிடித்து ஆட்டுவதில்லை. நுண்குழல்கள் என்ற மெல்லிய புரதக் குழாய்கள் 9+2 அமைப்பில், அதாவது நடுவில் இரண்டும் சுற்றி ஒன்பது ஜோடியுமாக இருக்கும் என்று செல்லின் மேலுள்ள நுண்ரோமங்களான சிலியா பற்றிப் பேசியபோது சொன்னேன் இல்லையா, அதே அமைப்புதான் இங்கேயும், அந்தக் குழல்களில் வரிசையாக டைனீன் என்ற புரதம், அது செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறை உடைத்து உடைத்துப் பக்கத்துக் குழலை இழுக்கிறது. நுனிக்குக் கிட்டே இருக்கிற டைனீனுக்கும் ஏடிபி வேண்டும்.

ஏடிபி தானாகப் பரவிப் போக வேண்டுமென்றால் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். அணையில் தண்ணீர் நிறைய இருந்தாலும் கடைமடைக்கு வந்து சேர்வதில்லையே, அந்தக் கதைதான். அப்போது கடைமடைக்காரர் என்ன செய்வார்? தன் வயலிலேயே போர் போடுவார். விந்தணுவும் அதைத்தான் செய்கிறது. வாலின் முக்கியப் பகுதியைச் சுற்றி நார் உறை ஒன்று இருக்கிறது, சர்க்கரையை உடைத்து ஏடிபி தயாரிக்கும் கிளைக்கோலைசிஸ் நொதிகளில் சில அந்த உறையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சர்க்கரை வெளியே இருக்கிற திரவத்திலிருந்தே கிடைக்கிறது. விந்துப் பரிசோதனை அறிக்கையில் 'பிரக்டோஸ்' என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள், அது விந்துப்பையிலிருந்து வருகிற சர்க்கரை.

இதற்கு 2004-இல் அமெரிக்காவில் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். விந்தணுவில் மட்டும் இருக்கிற ஒரு கிளைக்கோலைசிஸ் நொதியின் மரபணுவை எலியில் நீக்கினார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு குறையும் இல்லை, ஆக்சிஜன் செலவு வழக்கம்போல, ஆனால் விந்தணு முன்னேறி நீந்தவே இல்லை, அந்த ஆண் எலிகளுக்குக் குட்டியும் பிறக்கவில்லை! நான் திரும்பத் திரும்பச் சொல்வேனே, ஆற்றல் செலவாகிற இடத்திலேயே தயாராக வேண்டும் என்று, அதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் எல்லா உயிரும் போர் போடுவதில்லை. கடலடியில் முள் உருண்டை போல இருக்கிற கடல் முள்ளெலியின் விந்தணு கடல் நீரில் நீந்துகிறது, அங்கே சர்க்கரைக்கு எங்கே போவது? தன்னிடம் உள்ள கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கிறது. அப்புறம் அந்த ஆற்றலைக் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற ஆற்றல் சுமக்கும் மூலக்கூறாக மாற்றி வாலுக்குள் அனுப்புகிறது, அங்கே அதிலிருந்து மறுபடி ஏடிபி. இந்த மாற்றத்தைச் செய்யும் நொதியைத் தடுத்துப் பார்த்தபோது, தலைக்குப் பக்கத்தில் அலை ஒழுங்காகத்தான் எழுந்தது, நுனியை நோக்கிப் போகப் போக அடங்கிவிட்டது. நீங்கள் கேட்ட கேள்வியை நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்த மாதிரி!

அப்படியென்றால் மனிதனில் நடுப்பகுதி மைட்டோகாண்ட்ரியா சும்மா இருக்கிறதா? இல்லை, அதுவும் ஏடிபி செய்கிறது. எது எவ்வளவு என்பது விலங்குக்கு விலங்கு மாறுகிறது, காளையின் விந்தணு சர்க்கரை இல்லாமலும் மைட்டோகாண்ட்ரியாவை நம்பி நன்றாகவே நீந்தும்.

இதோடு இன்னொன்றையும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கருவுறும்போது அந்த மைட்டோகாண்ட்ரியாவும் முட்டைக்குள் போகிறதே, அப்புறம் அது என்ன ஆகிறது? அதன் மேல் யுபிக்விட்டின் என்ற புரதக் குறி ஏறுகிறது, முட்டை அதை அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது. நம் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.