ஆரியங்காவு மழையில் வேனுக்குக் கொசுவலை மாட்டினேன்

வணக்கம் மக்களே! கேரள எல்லையில் இருக்கிற ஆரியங்காவில் வண்டியை நிறுத்தி இன்றோடு நாலு நாள். செங்கோட்டையில் சாரலாக விழுந்தது, புளியரை ஏற்றம் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் மழையாகக் கொட்டுகிறது. நேற்று ராத்திரி கொஞ்சம் வெறித்ததும் விளக்கைப் போட்டேன். கூட்டம் கூட்டமாக ஈசல்! சோற்றுத் தட்டிலும் படுக்கையிலும் ஒரே இறக்கை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம் தாங்கவில்லை. அதனால் இன்றைக்குப் பாலருவி நீர்வீழ்ச்சிக்குப் போவது கிடையாது, கொசுவலை வேலைதான்.

வண்டி 2003 மாடல் டெம்போ டிராவலர். முன்பு வைத்திருந்தவர் ஜன்னலுக்கு உள்பக்கமாக அலுமினிய ஃப்ரேம் போட்டு வலை மாட்டியிருந்தார். ஃப்ரேம் இன்னும் கோணாமல் நன்றாக இருக்கிறது. போன வருடம் ஒரு பட்டறையில் வலை மாற்றக் கொடுத்தேன். ஃப்ரேமைச் சுற்றி ஓடுகிற காடியில், அதாவது பள்ளத்தில், வலையை இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் கயிறான பீடிங்கைப் போடாமல் சிலிக்கான் பசையை அப்பி ஒட்டிவிட்டார்கள். ஒரு கோடை வெயிலுக்கே உரிந்துவிட்டது. அதைச் சுரண்டி எடுக்கவே எனக்குக் காலைப் பொழுது முழுக்கப் போய்விட்டது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பீடிங் வாங்கப் போகும்போது பழைய துண்டைக் கொண்டு போகாதீர்கள். வெயிலில் அது சுருங்கி மெலிந்திருக்கும். நான் ஃப்ரேமையே தூக்கிக்கொண்டு செங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அலுமினியக் கடையில் 4 மில்லிமீட்டர் பீடிங் லூசாக இருந்தது, 5 இறுக்கமாக உட்கார்ந்தது. வலைக்கு ஃபைபர் நெட். துருப்பிடிக்காது. அலுமினிய வலையில் ஒருமுறை முழங்கை இடித்தால் அந்தப் பள்ளம் அப்படியே நின்றுவிடும். ஒரு அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 இழை, மறுபக்கம் 16 இழை இருக்கிற வலை கொசுவுக்குப் போதும். அதைவிடப் பொடிக்கண் வலை போட்டால் காற்று குறையும், இந்த ஊர் ஈரத்துக்கு அது சரிவராது.

சரி, இப்போது கையைக் கவனியுங்கள். ஃப்ரேமைத் தரையில் படுக்க வைத்து, நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வலையை வெட்டிப் பரப்பியிருக்கிறேன். நீளப் பக்கத்தில் ஆரம்பித்து, ரோலரால் (கைப்பிடி வைத்த சின்னச் சக்கரம்) வலையின் மேல் பீடிங்கைக் காடிக்குள் அழுத்திக்கொண்டே போக வேண்டும். பீடிங் விறைப்பாக இருந்தால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். மூலையில் மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர். வலையை மட்டும் கையால் இழுக்காதீர்கள். பீடிங் காடிக்குள் இறங்கும்போதே வலையைத் தானாக இழுத்துக்கொள்ளும். முதல் ஃப்ரேமில் நான் இழுத்துப் பிடித்தேன். பாருங்கள், நடுவில் ஃப்ரேம் உள்வாங்கிவிட்டது. ஜன்னலில் வைத்தால் அந்த இடைவெளியில் விரலே போகிறது. கழற்றி, குறுக்கே இரண்டு மரச்சட்டம் முட்டுக் கொடுத்து மறுபடி போட்டேன். இப்போது நேராக நிற்கிறது. மிச்ச வலையைப் புது பிளேடால், பீடிங்குக்கு வெளி ஓரமாக வெட்டுங்கள். பிளேடு உள்பக்கம் சாய்ந்தால் அவ்வளவு வேலையும் வீண்.

அப்புறம், கண்ணாடி ஓடுகிற சேனலைப் பாருங்கள். தண்ணீர் வடிய அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கும். என் வண்டியில் மண்ணும் இறக்கையும் அடைத்துத் தண்ணீர் தேங்கி நின்றது. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிட இவ்வளவு தண்ணீர் போதும். அதுவும் அது பகலில் கடிக்கிற கொசு, அதனால் ராத்திரிக்கு மட்டும் வலையைச் சாத்துவதில் பிரயோஜனம் இல்லை. மெல்லிய கம்பி விட்டு ஓட்டைகளைக் குத்திவிட்டேன், உடனே வடிந்துவிட்டது. எதிர் டீக்கடைச் சேச்சியும் "இவிடெ கொதுகு கூடுதலா" (இங்கே கொசு அதிகம்) என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

இருட்டிவிட்டது. விளக்கைப் போடுகிறேன்... வருகிறது பாருங்கள், ஈசல். எல்லாம் வலைக்கு வெளியேதான். காற்றும் வருகிறது! பின்கதவு ஜன்னல் ஒன்று பாக்கி, இன்றைக்கு அங்கே ஒரு பழைய வேட்டியைக் கட்டியிருக்கிறேன். பீடிங் மிச்சம் இருக்கிறது, மழை விட்டால் நாளைக் காலையில் அதையும் போட்டுவிடுவேன்.