ஈரலுக்கு ஒன்று, தசைக்கு ஒன்று: கிளைக்கோசன் கட்டும் நொதியம்

[காட்சி: விடியற்காலை, வெள்ளவத்தை. ஒழுங்கை வாசலில் பாடசாலை வான்.]

வணக்கம். வான் ஆறு மணிக்கே வந்துவிடும், பிள்ளை வெறும் வயிற்றோடு ஏறிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஈரல் இரவு முழுக்கத் தன் கிளைக்கோசனை, அதாவது குளுக்கோசைச் சங்கிலியாகக் கோத்துச் சேமித்த கையிருப்பை, உடைத்து ரத்தத்துக்குச் சீனி விட்டுக்கொண்டிருக்கும். மிகச் சில பிள்ளைகளின் ஈரலில் அந்தக் கையிருப்பே இராது.

[காட்சி: குளுக்கோசு மணிகள் கோக்கப்படும் அசைபடம்.]

யூடிபி என்ற மூலக்கூறு சுமந்துவரும் குளுக்கோசை எடுத்து, கிளைக்கோசன் சங்கிலியின் நுனியில் பொருத்துவது கிளைக்கோசன் சிந்தேசு என்ற நொதியம். இதில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஈரலுக்குரியதை ஆக்கும் மரபணு ஜிவைஎஸ்2, 12ஆம் நிறமூர்த்தத்தில். தசையிலும் இதயத்திலும் வேலை செய்வதை ஆக்குவது ஜிவைஎஸ்1, 19ஆம் நிறமூர்த்தத்தில். தொழில் ஒன்றுதான். ஆனாலும் ஈரலில் பழுது வந்தால் தசையின் நொதியம் அங்கே வந்து கைகொடுக்காது.

சரி, தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோசனாவது உதவுமா? அதுவும் இல்லை. குளுக்கோசில் ஒட்டியிருக்கும் பொசுபேற்றைக் கழற்றி ரத்தத்துக்குள் விடும் நொதியம் ஈரலில் உண்டு, தசையில் இல்லை. தசையின் சீனி தசைக்கே.

[காட்சி: சிறுநீர்ப் பட்டி ஊதா நிறமாக மாறுகிறது.]

ஈரல் நொதியத்தின் இந்தப் பழுது, இரவுப் பால் நிறுத்தும் வயதில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். காலையில் பிள்ளை சோர்ந்து, வெளிறிக் கிடக்கும். சிலருக்கு வலிப்பும் வரும். அந்நேரம் ரத்தச் சீனி குறைவு, சிறுநீரில் கீற்றோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) அதிகம். சாப்பிட்ட பின் நிலைமை தலைகீழ்: சேமிக்க இடமில்லாததால் சீனி ஏறும், சீனி உடையும்போது உண்டாகும் லக்ரேற்றும் ஏறும். அப்போது மட்டும் சோதித்தால் சீனி வருத்தம் என்று நினைத்துவிடலாம். மற்றப் பல கிளைக்கோசன் நோய்களில் ஈரல் வீங்கும், இதில் வீங்காது. அதனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தும் பிடிபடாது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இந்த இடம்தான்.

வைத்தியம் பெரும்பாலும் சாப்பாட்டில்தான். நீண்ட நேரம் பட்டினி கூடாது, புரதம் கூடுதலாக வேண்டும், படுக்கும் முன் தண்ணீரில் கரைத்த பச்சைச் சோளமா. காய்ச்சக் கூடாது. பச்சை மா மெதுவாகச் செரித்து இரவு முழுக்கச் சீனி தரும், காய்ச்சினால் அந்தக் குணம் போய்விடும். அளவை டொக்டர்தான் சொல்லவேண்டும்.

தசை வடிவம் இல்லாமற்போவது இன்னும் அரிது, கொடியதும்கூட. 2007இல் வெளியான ஒரு குடும்பத்தின் மருத்துவ அறிக்கையில், ஒரு பிள்ளை பத்து வயதில் இதயம் நின்று இறந்திருந்தது. ரத்தச் சீனிச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது.

இரண்டுமே பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிள்ளையிலும் 25 வீத வாய்ப்பு. சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது. அங்கே போகவேண்டுமா என்று பிள்ளையின் டொக்டரிடம் கேளுங்கள். போகும்போது சாப்பிடுமுன் எடுத்த சோதனை முடிவு, சாப்பிட்டபின் எடுத்த முடிவு இரண்டையும் கொண்டுபோங்கள்.